நான்கு கண் விதி

நூற்று நாற்பத்து நான்கு மணி நேரம். அதற்கு முன்னால் பறித்தால் இலையில் புரதம் போதாது. தாண்டிப் பறித்தால் இலை கருகத் தொடங்கும். நிறுவனத்தின் கையேட்டில் இது மட்டும் சிவப்பு எழுத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தொடங்கிய கணக்கு, வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு முடியும். அதற்குள் தபேயா ராபெ ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.

முப்பத்தொன்றும் முப்பத்திரண்டும் மாறிப்போய்விட்டன. அவ்வளவுதான் விஷயம்.

ஹார்ஸ் மலையடிவாரத்தில், விதைக் கம்பெனிகளும் ஆராய்ச்சிக் கூடங்களும் வரிசையாக நிற்கும் சாலையின் கடைசிக் கட்டிடம் அது. அங்கே மருந்தைச் செடியில் வளர்த்தார்கள். நிணநீர்ப் புற்று வந்தவரின் கட்டியில் அவருக்கு மட்டுமே உரிய ஒரு புரதம் இருக்கும். அதன் மரபணுவை எடுத்து ஒரு பாக்டீரியாவில் வைப்பார்கள். பாக்டீரியாவைக் கலங்கல் தண்ணீராகத் தொட்டியில் ஊற்றி, ஒரு தட்டுப் புகையிலைச் செடிகளைத் தலைகீழாக முக்கி, இலைக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். காற்று போன இடத்தில் பாக்டீரியா புகுந்துகொள்ளும். மரபணு இலைக்குப் போகும். ஆறு நாள் அந்தச் செடி, முன்பின் பார்த்திராத ஒரு மனிதரின் புரதத்தைச் சலிக்காமல் செய்துகொண்டிருக்கும். அதைப் பிரித்தெடுத்து அந்த மனிதருக்கே ஊசியாகப் போட்டால், அவர் உடம்பு எதிரியின் முகத்தைத் தெரிந்துகொள்ளும். இன்னொருவருடையதைப் போட்டால் தெரிந்துகொள்ளாது.

ஒரு நோயாளிக்கு ஒரு தட்டு. ஒரு தட்டுக்கு ஒரு பாட்டில். எண்கள் ஒவ்வொரு வருடமும் ஒன்றிலிருந்து தொடங்கும். தபேயாவின் வேலை, பாட்டிலைத் தொட்டியில் ஊற்றித் தட்டை முக்குவது. ஏழு வருடமாகச் செய்கிறாள்.

பாட்டில்கள் ஒரு அலமாரியில் நின்றன. போன மார்ச்சில் வந்த புதிய உத்தரவின்படி அவற்றின் லேபிள்கள் சுவரைப் பார்த்திருக்க வேண்டும். கண்ணாடி நடைபாதையில் வருகிற பார்வையாளர்கள் நோயாளியின் எண்ணைப் படித்துவிடக் கூடாது என்பதற்காக. எனவே இடப்பக்கம் இருப்பது முதல் பாட்டில், வலப்பக்கம் இருப்பது அடுத்தது என்று எல்லாரும் வைத்துக்கொண்டார்கள். அந்த வெள்ளிக்கிழமை யாரோ வலப்பக்கத்திலிருந்து அடுக்கியிருந்தார்கள்.

இப்படி நடந்துவிடக் கூடாது என்பதற்குத்தான் நான்கு கண் விதி. முக்கியமான எந்த வேலையையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும், இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். தபேயாவின் கண்கள் இரண்டு, அவள் பிரிவின் மூத்தவர் டாக்டர் லூடெக்கேயின் கண்கள் இரண்டு. டாக்டர் லூடெக்கே அந்த வார இறுதிக்குப் பால்டிக் கடலோரத்துக்குக் காரவன் வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. நெரிசலுக்கு முன் கிளம்புவதற்காக அன்று மாலை நடக்கப்போகிற எல்லாவற்றையும் பார்த்துவிட்டதாகப் பகல் பன்னிரண்டு மணிக்கே கையெழுத்துப் போட்டுவிட்டார். மதியச் சாப்பாட்டுக்கும் முன்பே.

*

திங்கட்கிழமை காலை, அறுபத்தாறாவது மணியில், தபேயா தர உறுதித் துறையின் கதவைத் தட்டினாள்.

முனைவர் ஹெஸல்பார்த் அதன் தலைவி. மேசையில் மூன்று பேனாக்கள், மூன்றும் ஒரே கோணத்தில். தபேயா நின்றுகொண்டே சொன்னாள்.

"மேடம், ஒரு பிழை நடந்துபோச்சு."

"உட்காருங்க, ராபெ மேடம். பிழைன்னு சொல்லாதீங்க. இந்தக் கட்டிடத்துல அந்த வார்த்தை கிடையாது. விலகல்னு சொல்லுவோம்."

"சரி. விலகல். வெள்ளிக்கிழமை ரெண்டு பாட்டில் மாறிப்போச்சு."

"மாறின மாதிரி உங்களுக்குத் தோணுது."

"தோணலை. மாறிப்போச்சு. முப்பத்தொண்ணு தட்டை முப்பத்திரண்டு பாட்டில்ல முக்கிட்டேன். அதை இதுல."

ஹெஸல்பார்த் வெள்ளிக்கிழமைப் பதிவேட்டைத் திறந்தார். விரலால் ஒரு வரியைத் தடவினார். முகம் மலர்ந்தது.

"பாருங்க, ரெண்டு கையெழுத்து. ரெண்டு பேர் பாத்திருக்கீங்க. ரெண்டு பேர் பாத்தா மாற முடியாது. அதுக்காகத்தானே விதியே வச்சிருக்கோம்?"

டாக்டர் லூடெக்கே அப்போது ஊரிலேயே இல்லை என்பதைச் சொல்ல வாயெடுத்த தபேயா, அதைக் கோள் மூட்டுவதாக எடுத்துக்கொள்வார்களோ என்று நிறுத்திக்கொண்டாள். வேறு வழியில் போனாள்.

"முன்னாடி கடைசியில ஒரு சோதனை இருந்துச்சே மேடம். புரதத்தைப் பிரிச்சு, இது யாருடையதுன்னு பாக்கறது. அதைச் செஞ்சா தெரிஞ்சிடும்."

"அதை எடுத்துட்டோம். நான்கு கண் விதி இருக்கும்போது அது அனாவசிய சந்தேகம். நம்ம விதி மேல நமக்கே நம்பிக்கை இல்லைன்னு ஆயிடும்."

"இப்ப என்ன பாக்கறோம்?"

"எடை. புரதத்தை ஜெல்லுல ஓடவிட்டு, கோடு சரியான இடத்துல நிக்குதான்னு."

"எல்லாருடைய புரதமும் ஒரே எடைதானே?"

"அதனாலதான் இதுவரைக்கும் ஒரு தட்டுகூடத் தோத்ததில்லை" என்றார் ஹெஸல்பார்த்.

தபேயா மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள். ஞாயிறு முழுதும் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள்.

"மேடம், ரெண்டு லேபிளை மாத்தி ஒட்டினா போதும். செடி நல்லாத்தான் இருக்கு. பேருதான் மாறியிருக்கு. ரெண்டு ஸ்டிக்கர்."

"ஒட்டின லேபிளைப் பிரிக்கக் கூடாது. விதி பதினேழு."

"ஏன் மேடம்?"

"தட்டு மாறிப்போயிடக் கூடாதுன்னுதான்."

வெளியே சாலையில் விதை ஏற்றிய லாரி ஒன்று போனது. பிறகு ஹெஸல்பார்த் இரக்கத்தோடு பதினோரு பக்கப் படிவம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள வந்து சொல்லியிருந்தா, திருத்தம். பென்சில்ல ஒரு கோடு, பக்கத்துல உங்க இனிஷியல், முடிஞ்சுது. அஞ்சு மணிக்கு நாள் பூட்டிடும். அப்புறம் அது விலகல். விலகலுக்குப் படிவம். ரெண்டு கையெழுத்து வேணும், உங்களோடதும் டாக்டர் லூடெக்கேயோடதும்."

நான்காம் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது: 'விலகல் எப்போது கவனிக்கப்பட்டது?' தபேயா பேனாவை அதன்மேல் வெகு நேரம் பிடித்திருந்தாள். பிறகு, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி, வீட்டில், ரொட்டிக்கு வெண்ணெய் தடவும்போது நினைவுக்கு வந்தது என்று எழுதினாள். வெண்ணெயை எழுதியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. ஆனால் பேனாவால் எழுதியதை அடிக்கவும் விதி இல்லை.

*

டாக்டர் லூடெக்கே கடற்கரை வெயிலில் மூக்கைச் சுட்டுக்கொண்டு வந்திருந்தார். படிவத்தை முதல் பக்கம் படித்தார். கடைசிப் பக்கம் படித்தார். எழுந்து கதவைச் சாத்தினார்.

"நாம ஒண்ணா வேலை பாக்க ஆரம்பிச்சு எத்தனை வருஷம் ஆச்சு?"

"ஏழு, டாக்டர்."

"ஏழு வருஷமா நீங்க நீங்கன்னு. எனக்கே கூச்சமா இருக்கு." கையை நீட்டினார். "எகோன். இனிமே நீன்னே கூப்பிடு."

மூத்தவர் நீட்டும் கையைத் தட்ட முடியாது. அந்த ஊரில் அது செருப்பால் அடிப்பதற்குச் சமம். ஒரு பேராசிரியரிடமிருந்து 'நீ' வாங்க இருபது வருடம் காத்திருந்தவர்கள் உண்டு. தபேயா கையைக் குலுக்கினாள். குலுக்கி முடித்த பிறகுதான் புரிந்தது. 'நீங்க அங்க இல்லையே டாக்டர்' என்பது ஒரு தகவல். 'நீ அங்க இல்லையே எகோன்' என்பது சண்டை.

"நான் மத்தியானமே கையெழுத்துப் போட்டேன், மறைக்கலை" என்றார் எகோன். "அது உன்மேல உள்ள நம்பிக்கை. கூட வேலை பாக்கறவங்களை நம்பாதவன்தான் பக்கத்துல வந்து நின்னு பார்ப்பான்."

"நான் தப்புப் பண்ணிட்டேன், டாக்டர்."

"எகோன்."

"எகோன்."

"இப்ப இதுல நான் கையெழுத்துப் போட்டா, நான் பாத்தேன், ஆனா பாக்கலைன்னு ஆகும். ஒரு மனுஷன் ரெண்டும் எழுதிக் கொடுக்க முடியுமா? நீயே சொல்லு."

"நோயாளிகளுக்கு?"

"என்ன ஆயிடும்? முப்பத்தொண்ணுக்கு முப்பத்திரண்டோடது போகும். சுத்தமான புரதம். கெடுதியே கிடையாது. அவரை அது ஒண்ணுமே பண்ணாது."

"ஒண்ணுமே பண்ணாதுங்கறதுதானே..."

"வியாழக்கிழமை நூறாவது தட்டு விழா" என்றார் எகோன். "சான்றிதழ் புதுப்பிக்கத் தணிக்கை அம்மா வர்றாங்க. கேக்கு சொல்லியாச்சு. ருபார்ப் தண்டு போட்ட கேக்கு. நீ பிறந்தநாளுக்குக் கொண்டுவருவியே, அதைவிட நல்லா இருக்கும்."

அன்று மாலை தபேயா இரயிலில் உட்கார்ந்து ஜன்னல் வழியே வயல்களைப் பார்த்துக்கொண்டு போனாள். வாயில் வெள்ளை அஸ்பாரகஸ் தண்டின் ருசி இருந்தது. வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு அக்கா யூலெ கூப்பிட்டிருந்தாள். அந்த வருடத்தின் முதல் அஸ்பாரகஸ், உருக்கிய வெண்ணெய், புது உருளைக்கிழங்கு. "என்னடி, கோழி மாதிரி கொறிக்கிற? ரெண்டு கிலோ தோல் சீவியிருக்கேன்" என்று யூலெ திட்டினாள். தபேயா தட்டில் இருந்ததையெல்லாம் விழுங்கினாள். மூன்று நாளாகியும் அது இறங்கவில்லை.

*

செவ்வாய்க்கிழமை விலகல் குழு கூடியது. ஏழு பேர், தலைவி ஹெஸல்பார்த். படிவத்தில் ஒரு கையெழுத்து மட்டுமே இருந்ததால் அதை விவாதிக்க முடியாது. ஆனால் விவாதிக்க முடியாது என்பதை விவாதிக்கலாம் என்று முடிவாகி, தபேயா உள்ளே அழைக்கப்பட்டாள். முழுதும் அப்படியே, நடந்ததை நடந்தபடி சொல்லும்படி கேட்டார்கள்.

அவள் சொன்னாள். அலமாரி, சுவரைப் பார்த்த லேபிள், தொட்டி, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. ஏழு பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பிஸ்கட்டை இரண்டாக உடைத்து ஒரு பாதியைத் திரும்ப வைத்தார். ஒன்றையும் விடக்கூடாது என்ற பயத்தில் தபேயா மேலும் சொன்னாள்.

"அப்புறம் அவசரமாக் கிளம்பினேன். அக்கா வீட்டுல சாப்பிட உக்காந்தப்பத்தான் பாத்தேன், சட்டைக் கையில ஒரு இலைத் துண்டு ஒட்டியிருந்துச்சு."

ஏழு தலைகளும் நிமிர்ந்தன.

"இலையா?"

"துண்டு. நகம் அளவு."

"மரபணு மாற்றப்பட்ட இலை" என்றார் பாதி பிஸ்கட்காரர். "கதவைத் தாண்டி. பொது இரயிலில்."

அதன் பிறகு குழு ஓர் உடம்பு போல இயங்கியது. எச்சரிக்கை மணி அடித்தது. மூன்று பசுமைக்கூடங்களும் அன்றைக்கு மூடப்பட்டன. அந்த வண்டி இப்போது எங்கே நிற்கிறது என்று இரயில்வேக்குத் தொலைபேசி போனது. தபேயா எந்த இருக்கையில் உட்கார்ந்தாள், சாய்ந்தாளா, யாராவது பக்கத்தில் இருந்தார்களா? ஒரு நாய் இருந்தது என்றாள். நாயின் இனம் கேட்டார்கள்.

"துண்டை என்ன செஞ்சீங்க?"

"அஸ்பாரகஸ் தோலோட குப்பையில போட்டேன்."

ஒருவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"எந்தத் தட்டு இலை?" ஹெஸல்பார்த் எழுதத் தயாராக இருந்தார்.

"முப்பத்தொண்ணு தட்டு. ஆனா அதுல இருக்கறது முப்பத்திரண்டோட..."

"தட்டு எண் மட்டும் போதும்."

"இல்லை மேடம், அதைத்தான் நான் சொல்ல வந்தேன்..."

"ராபெ மேடம், ஒரு இலை வெளியில இருக்கு. ஒரு சமயத்துல ஒரு விஷயம்."

மாலை ஐந்து மணிக்கு யூலெயிடமிருந்து தொலைபேசி வந்தது.

"ஏய், யாருடி இவங்க? வெள்ளை உடுப்புப் போட்டுக்கிட்டு ரெண்டு பேர் வந்து என் குப்பைத் தொட்டியைத் தூக்கிட்டுப் போறாங்க! வேக்குவம் கிளீனர் பையையும் எடுத்துட்டாங்க. மீந்துபோன சூப்பைக்கூட விடலை. பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல்ல நின்னு சிரிக்கிறா. நீ என்ன, யாரையாவது கொன்னுட்டியா?"

தபேயா தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினாள்.

"தபேயா? கேட்டது விளையாட்டுக்குடி."

யூலெயின் சூப்பு நூற்று இருபத்தொரு டிகிரி நீராவியில் இருபது நிமிடம் வேகவைக்கப்பட்டு, எடை போடப்பட்டு, அறுபத்து மூன்று பக்க அறிக்கையாயிற்று. இலைத் துண்டு கிடைக்கவில்லை. 'தேடப்படுகிறது' என்று பதிவாயிற்று. தட்டு மாறிய விஷயம் அதே அறிக்கையின் அடிக்குறிப்பில், 'பணியாளர் சோர்வாகக் காணப்பட்டார்' என்ற வடிவில் இடம்பெற்றது. நிறுவனத்தின் செலவில் நீச்சல் குளத்துக்குப் பத்து முறை போவதற்கான சீட்டு அவளுக்குக் கொடுக்கப்பட்டது.

*

புதன்கிழமை, நூற்றுப் பதினெட்டாவது மணியில், தபேயா பசுமைக்கூடத்தில் தனியாக இருந்தாள்.

இரண்டு தட்டுகளும் எதிரெதிர் பலகைகளில் இருந்தன. இலைகள் லேசாகச் சுருங்கி, ஓரம் வெளுத்திருந்தன. வேலை செய்கிற செடிகள் அப்படித்தான் ஆகும். அவளுக்கு அவற்றைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. செடிகள் தங்கள் பங்கைச் சரியாகச் செய்துகொண்டிருந்தன. எந்த மரபணுவைக் கொடுத்தாலும் கேள்வி கேட்காமல் அதையே செய்யும். இந்தக் கட்டிடத்துக்குப் பொருத்தமான செடிதான்.

முப்பத்தொன்று என்ற லேபிளின் மூலையில் நகத்தை வைத்தாள். இரண்டு ஸ்டிக்கர். அரை நிமிட வேலை. கொஞ்சம் தூக்கினாள். காகிதத்துக்கு அடியில் சிவப்பில் ஓர் எழுத்து எட்டிப் பார்த்தது. பிரித்தால் 'பிரிக்கப்பட்டது' என்ற சொல் முழுதாகத் தெரியும்படி செய்த லேபிள்கள் அவை. தெரிந்தால் இரண்டு தட்டுகளும் எரியுலைக்குப் போகும். இரண்டு பேருக்கும் ஒன்றுமே மிஞ்சாது.

மூலையைத் திரும்ப அழுத்தி ஒட்டினாள். விரலை எடுக்கவில்லை. ஒரு பொய்யை மறைக்க இன்னொன்றைச் செய்ய வந்திருக்கிறோம் என்ற நினைப்பு வந்ததும் காது மடல்கள் சூடாயின. யாரும் பார்க்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. சுவரில் நான்கு கண் விதியின் விளம்பரத்தாள் தொங்கியது. இரண்டு முகங்கள், நான்கு கண்கள், எல்லாம் சிரித்துக்கொண்டிருந்தன.

*

வியாழக்கிழமை மூன்று மணிக்கு விழா தொடங்கியது. நீளமேசையில் ருபார்ப் கேக்கு, தெர்மாஸ் காபி, சான்றிதழை மாட்டத் தயாராக வெற்றுக் கண்ணாடிச் சட்டம். தணிக்கை அதிகாரி ஒல்லியான பெண்மணி. குட்டைப் பென்சில் ஒன்றைக் காதில் செருகியிருந்தார். இலைத் தேடல் அறிக்கையை இரயிலில் வரும்போதே படித்துவிட்டதாகவும், இவ்வளவு அக்கறையைத் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லை என்றும் சொன்னார். ஹெஸல்பார்த் தலை குனிந்து ஏற்றுக்கொண்டார்.

சிறப்பு விருந்தினராக ஒரு நோயாளி அழைக்கப்பட்டிருந்தார். தனியுரிமை விதிப்படி அவர் பெயரை யாரும் தெரிந்துகொள்ளக் கூடாது. ஆகவே அவர் சட்டைப் பையின் மேல் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருந்தது: 31.

தபேயா கையிலிருந்த காபிக் கோப்பையை மேசையில் வைத்தாள். சத்தம் வந்தது.

எழுபது வயதிருக்கும். பெரிய கைகள். சட்டைக் காலர் கழுத்துக்கு இரண்டு அளவு பெரிதாக இருந்தது.

"வணக்கம். நான் டெட்லெஃப் ஸாபெல். மலை ரயில்ல நாப்பது வருஷம் எஞ்சின்..."

"ஐயா, தயவுசெஞ்சு!" ஹெஸல்பார்த் இரண்டு கைகளையும் உயர்த்தினார். "நாங்க எதுவும் கேக்கலை. முப்பத்தொண்ணு ஐயா, இப்படி உக்காருங்க."

"முப்பத்தொண்ணா? எங்க ஷெட்ல எஞ்சினுக்குத்தான் நம்பர் போடுவாங்க" என்றார் ஸாபெல். கேக்கை ஒரு துண்டு எடுத்து, அதைச் சாப்பிடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

இயக்குநர் பேராசிரியர் வெண்டலின் பேசினார். அவர் குரல் நன்றாக இருக்கும். அது அவருக்கும் தெரியும்.

"நண்பர்களே, நூறு தட்டுகள். நூறு தட்டுகளில் ஒரு பிழைகூடப் பதிவாகவில்லை. எப்படி இது சாத்தியம் என்று கேட்கிறார்கள். நான் சொல்கிறேன்: இது தற்செயல் இல்லை. பிழை பதிவாவதற்கு வழியே இல்லாத ஓர் அமைப்பை நாம் கட்டி எழுப்பியிருக்கிறோம். இங்கே மனிதர்கள் தவறலாம், காகிதம் தவறாது. நம் முப்பத்தொன்று அவர்கள் இதோ அமர்ந்திருக்கிறார். இவர் யார் என்று நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டோம். இதைவிடப் பெரிய மரியாதையை ஒரு நோயாளிக்கு யார் தர முடியும்?"

கைதட்டினார்கள். எகோன் தபேயாவைப் பார்த்துக் கண்ணடித்தார்.

மூன்று ஐம்பதுக்கு எல்லாரும் வெள்ளை உடுப்பும் தலையுறையும் மாட்டிக்கொண்டு இரட்டைக் கதவு வழியாகப் பசுமைக்கூடத்துக்குள் போனார்கள். நான்கு மணிக்கு அறுவடை. உயரமான ஸாபெலுக்கு மட்டும் உடுப்பு சிறியதாக இருந்ததால் அதை முதுகில் போர்த்தினார்கள். ஸ்டிக்கர் வெளியே தெரிந்தது. தபேயா கத்திரிக்கோலும் கூடையுமாகப் பலகையருகில் நின்றாள். முதல் இலையை அவள்தான் வெட்ட வேண்டும்.

ஸாபெல் முப்பத்தொன்று தட்டின் முன்னால் குனிந்தார். கேக்கு வைத்திருந்த கையை மரியாதைக்காக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"இதுங்கதானா?"

"இவையேதான்" என்றார் பேராசிரியர்.

ஸாபெல் செடிகளைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி அவற்றிடமே பேசினார். "என்ன, சௌக்கியமா? கொஞ்சம் வாடியிருக்கீங்க. பரவாயில்லை, நானும் அப்படித்தான்." தபேயா பக்கம் திரும்பினார். "வீட்டுல கேட்டு அனுப்பியிருக்கா, செடி எப்படி இருக்குன்னு பாத்துட்டு வாங்கன்னு. இது கேக்கலைன்னா அடுத்ததா மருந்து ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க ஆஸ்பத்திரியில. அதான், கும்பிட்டுட்டுப் போலாம்னு வந்தேன். தண்ணியெல்லாம் நீதான் ஊத்தறியாம்மா?"

"ஆமா."

"நல்லா இரு."

மணி மூன்று ஐம்பத்தாறு. தபேயா கத்திரிக்கோலின் வளையத்துக்குள் விரலை நுழைத்தாள். ஹெஸல்பார்த் கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

"ஐயா" என்றாள் தபேயா. "இது உங்க செடி இல்லை."

தணிக்கை அதிகாரி காதிலிருந்த பென்சிலை எடுத்தார்.

"உங்களோடது அதோ, எதிர்ப் பலகையில இருக்கு. நான்தான் மாத்தி முக்கிட்டேன். லேபிள் தப்பு. செடி சரி. இதை வெட்டினா உங்களுக்கு இன்னொருத்தரோட மருந்துதான் வரும்."

"ராபெ மேடம் சோர்வா இருக்காங்க" என்றார் ஹெஸல்பார்த். "அறிக்கையில இருக்கு. அடிக்குறிப்பு ஒன்பது."

"ரெண்டு கையெழுத்து இருக்கே?" தணிக்கை அதிகாரி பதிவேட்டைப் பார்த்துவிட்டு எகோனைப் பார்த்தார். "டாக்டர், நீங்க பக்கத்துல இருந்தீங்கதானே?"

எகோன் சுட்ட மூக்கைத் தடவினார்.

"எகோன்" என்றாள் தபேயா. "நீ அங்க இல்லை."

அவளுக்கே அந்தச் சொல் நாக்கில் கல் போல இருந்தது. எகோன் தன் காலணி உறைகளைப் பார்த்துக்கொண்டு, "கடலோரத்துல இருந்தேன்" என்றார்.

பேராசிரியர் இருமினார். இது உள்விவகாரம் என்றும், அறுவடையை நிறுத்த விதி இல்லை என்றும், லேபிளை மாற்றவும் விதி இல்லை என்றும் சொன்னார். மூன்று ஐம்பத்தெட்டு. எல்லாரும் பேசினார்கள். விதி பதினேழு இரண்டு முறை சத்தமாக வாசிக்கப்பட்டது.

ஸாபெல் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு கையிலிருந்த கேக்கைப் பேராசிரியரிடம் கொடுத்தார். பேராசிரியர் வாங்கிக்கொண்டார். ஸாபெல் தன் சட்டைப் பையின் மேலிருந்த ஸ்டிக்கரை, நூல் வராமல், மெதுவாக உரித்து எடுத்தார். எதிர்ப் பலகைக்கு நடந்துபோய், அங்கிருந்த தட்டின் விளிம்பில் அதை ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"இப்படிச் செய்யலாமா?" தணிக்கை அதிகாரி கேட்டார்.

ஹெஸல்பார்த் கையேட்டைப் புரட்டினார். "பிரிக்கக் கூடாதுன்னு இருக்கு" என்றார் கடைசியில். "மேல ஒட்டக் கூடாதுன்னு... எழுதலை."

"அப்ப இந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கும் ஒண்ணு எழுதுங்க" என்றார் ஸாபெல். "அவருக்கும் வீட்டுல யாராவது கேட்டு அனுப்பியிருப்பாங்க."

தணிக்கை அதிகாரி தன் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து 32 என்று எழுதினார். அதை ஒட்டப் பசை தேடி எல்லாரும் ஒரே சமயத்தில் பைகளைத் தடவினார்கள்.

ஸாபெல் தபேயாவின் அருகில் வந்து நின்றார். கோபமாக இல்லை. அடுத்த நிலையம் எது என்று கேட்பவர் போலத்தான் கேட்டார்.

"எப்பம்மா தெரிஞ்சுது?"

ஆறு நாளில் அதை யாரும் வாய் திறந்து கேட்டிருக்கவில்லை. படிவத்தின் கட்டம் மட்டும்தான் கேட்டது. சனிக்கிழமை, ஒன்பது மணி, வெண்ணெய். விடை தயாராக இருந்தது, எழுதியும் கொடுத்தாயிற்று. கூரைக் கண்ணாடியில் வெயில் சுட்டது. மணி நான்கு ஆயிற்று.

"வெள்ளிக்கிழமையே தெரியும்" என்றாள் தபேயா. "நாலு இருபதுக்கு பாட்டிலைக் கழுவும்போது லேபிளைத் திருப்பிப் பாத்தேன். அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருந்துச்சு. நாலு முப்பத்தி நாலுக்கு எனக்கு ரயில்."